ஏழு நாளில் ஒரு தீவு: பாரோய்க் குடும்பங்களுக்கான பினாங்குத் திட்டம்

தீவுப் பயணம் என்ற பேச்சு எழுந்தால் நெகிரி செம்பிலானின் பாரோயில் பல வீடுகளில் ஆசை இரண்டாகப் பிரிந்து நிற்கும். பிள்ளைகள் கைப்பேசியில் சான்டோரினியின் வெள்ளைச் சுவர்களையும் மால்டாவின் நீலக் கடலையும் காட்டுவார்கள். பெரியவர்களோ, "பினாங்குத் தண்ணீர்மலைக்கு ஒரு தடவை போயிட்டு வந்துட்டா போதும்யா" என்பார்கள். இரண்டு ஆசையும் நியாயமானவை. இந்த அத்தியாயம் பெரியவர்களின் ஆசையிலிருந்து தொடங்குகிறது. மூன்று தலைமுறையும் சேர்ந்து ஒரு வாரம் பினாங்குத் தீவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறது. பிள்ளைகளின் ஆசைக்கும் கடைசியில் இடமிருக்கிறது.

ஏன் பினாங்கு, ஏன் ஏழு நாள்

பினாங்குத் தீவின் பரப்பு ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே நாளில் காரில் சுற்றி வந்துவிடலாம். அதனால்தான் பலர் இரண்டு நாளில் முடித்துவிட்டுக் களைத்துப்போய்த் திரும்புகிறார்கள். பழைய நகரம், மலை, கோயில்கள், கடற்கரை, காடு, பழத்தோட்டம், மீனவர் கிராமம் எல்லாமே இந்தச் சிறிய இடத்துக்குள் இருக்கின்றன. அவசரமில்லாமல் பார்க்க ஏழு நாள் சரியான அளவு.

இன்னொரு காரணம் நம்முடையது. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர்களில் பலர் மலாயா மண்ணை முதலில் கண்டது பினாங்குத் துறைமுகத்தில்தான். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் இங்கே நின்று போயின. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம் வரை இந்தப் பாதையில் ஓடியது. அதன்பின் 'சிதம்பரம்' வந்தது. பாரோயைச் சுற்றியிருந்த தோட்டங்கள் தாமான்களாக மாறிவிட்டாலும், அந்தக் கப்பல்களின் பெயரைக் கேட்டால் முகம் மலரும் பாட்டிமார்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு அந்தத் துறைமுகத்தில் இறங்குவது சுற்றுலாவுக்கும் மேலான காரியம்.

திட்டத்தின் ஒரே விதி

பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும் பழக்கத்தை இந்த வாரத்துக்கு விட்டுவிடுங்கள். தீவைத் திசைகளாகப் பிரியுங்கள். ஒரு நாளுக்கு ஒரு திசை. அந்தத் திசையில் காலையில் ஒரு பெரிய இடம், மதியம் அறையில் ஓய்வு, வெயில் தாழ்ந்ததும் ஒரு சிறிய இடம். இவ்வளவுதான் விதி. பகல் பன்னிரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வெளியே எதையும் வைக்காதீர்கள். அந்த வெயிலில் நடந்தால் குழந்தைகள் அழுவார்கள், பெரியவர்கள் களைத்துப்போவார்கள், மறுநாள் பயணமே கெடும்.

முதலில் ஆட்களைப் பாருங்கள்

தேதி குறிப்பதற்கு முன் யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எவ்வளவு தூரம் நடக்க முடியும், படி ஏற முடியுமா, என்ன சாப்பிட மாட்டார். இந்த ஒரு தாள் இருந்தால் தங்குமிடம் முதல் சாப்பாடு வரை பாதி முடிவுகள் தானாக வந்துவிடும். முழங்கால் வலி உள்ள அத்தை இருந்தால் மாடியில் மின்தூக்கி இல்லாத விடுதி வேண்டாம். இன்சுலின் போடும் தாத்தா இருந்தால் அறையில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

எப்போது போகலாம்

பினாங்கில் மழை அதிகம் பெய்வது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஓரளவு வறண்டவை. டுரியான் தின்ன ஆசையிருந்தால் ஜூன், ஜூலை. பள்ளி விடுமுறையில் போவதானால் அறைகளை முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். சீனப் புத்தாண்டு வாரத்தில் வெளியூரில் வேலை செய்யும் பினாங்குக்காரர்கள் எல்லாம் வீடு திரும்புவார்கள். பாலத்தில் கார்கள் ஊர்ந்துதான் போகும். பல சிறிய உணவுக்கடைகள் மூடியிருக்கும். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

தைப்பூசம் தனிக் கணக்கு. பினாங்கிலும் நெகிரி செம்பிலானிலும் அது பொது விடுமுறை. முந்தின நாள் காலை பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894 முதல் ஓடிவரும் ரதம் அது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் 2017 முதல் புறப்படுகிறது. வழியெங்கும் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள். அதைப் பார்க்கவே போகிறவர்கள் பல மாதங்களுக்கு முன் அறை பிடிக்க வேண்டும். சாலைகள் மூடப்படும் என்பதால் தைப்பூசத்தை ஒட்டிய மூன்று நாளும் வேறெதையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். தீவைச் சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் தைப்பூசம் கழிந்து இரண்டு வாரம் பொறுத்து, அது சீனப் புத்தாண்டு வாரமாக இல்லாமல் பார்த்துப் போங்கள். வானமும் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

பாரோயிலிருந்து எப்படிப் போவது

மூன்று வழிகள் உண்டு.

இரயில்: சிரம்பான் நிலையத்தில் ஈ.டி.எஸ். விரைவு இரயில் ஏறினால் கோலாலம்பூர், ஈப்போ வழியாக பட்டர்வொர்த் போகலாம். நேரடி வண்டி கிடைக்காத நேரத்தில் கே.எல். சென்ட்ரலில் மாறிக்கொள்ளலாம். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் கே.டி.எம். செயலியில் பார்த்து முடிவு செய்யுங்கள். மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, மைகார்டு கையில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு இதுதான் சுகமான வழி. எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து பேராக்கின் வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கார் அல்லது வேன்: வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டருக்கும் மேல். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் கோலாலம்பூர் நெரிசலுக்கு முன்னதாகத் தாண்டிவிடலாம். தாப்பாவிலோ சுங்கை பேராக்கிலோ ஓய்வு நிலையத்தில் பசியாறிவிட்டு, மதியத்துக்கு முன் தீவைத் தொடலாம். தீவுக்கு இரண்டு பாலங்கள். 1985இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். பழைய நகரமான ஜார்ஜ்டவுனில் தங்குகிறவர்களுக்கு முதல் பாலமே பக்கம். தீவை நோக்கிப் போகும்போது மட்டுமே பாலக் கட்டணம், திரும்பும்போது இல்லை. டச் அண்ட் கோ அட்டையில் போதுமான பணம் போட்டு வையுங்கள்.

விமானம்: பாரோய் மக்களுக்கு கே.எல்.ஐ.ஏ. அதிக தூரமில்லை. அங்கிருந்து பினாங்கு ஒரு மணி நேரம். ஆனால் விமான நிலையத்துக்கு முன்னதாகப் போவது, பெட்டிக்குக் காத்திருப்பது, பாயான் லெப்பாசிலிருந்து நகரத்துக்கு வருவது எல்லாம் சேர்த்தால் இரயிலைவிட மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான். நீண்ட நேரம் உட்கார முடியாதவர்களுக்கு மட்டும் இது ஏற்றது. கையில் பணம் குறைவு என்றால் சிரம்பான் டெர்மினல் ஒன்னிலிருந்து விரைவுப் பேருந்தும் உண்டு.

எந்த வழியில் போனாலும் ஒரு தடவையாவது பெர்ரியில் கடலைக் கடந்துவிடுங்கள். பட்டர்வொர்த் இரயில் நிலையத்துக்கு அருகிலேயே துறை. 2023இல் புதிய பெர்ரிகள் வந்தன. இப்போது கார்களை ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே. கால்மணி நேரத்துக்குள் அக்கரை. பெரியவர்களை முன்பக்கம் உட்கார வையுங்கள். ஜார்ஜ்டவுனின் ஓட்டுக் கூரைகளும், பின்னால் கொடிமலையும், தெற்கே பாலமும் ஒரே பார்வையில் விரியும். பாலத்துக்கு அப்பால் கிடக்கும் பச்சைத் தீவுதான் ஜெரெஜாக். கப்பலில் வந்த தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக ஒதுக்கி வைத்த முகாம் அங்கேதான் இருந்தது. கரையில் கால் வைப்பதற்கு முன் பலர் நாள்கணக்கில் அங்கே காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல பெர்ரியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

எங்கே தங்குவது

ஏழு நாளும் ஒரே இடத்தில் தங்குங்கள். நடுவில் விடுதி மாறினால் பெட்டி கட்டுவதிலேயே அரை நாள் போய்விடும். முதல் முறை போகிறவர்களுக்கு ஜார்ஜ்டவுன்தான் சரி. சாப்பாடு காலடியில் கிடைக்கும், பேருந்துகள் எல்லாம் கொம்தாரிலிருந்தும் ஜெட்டியிலிருந்தும் கிளம்பும். கடலோரம்தான் வேண்டும் என்பவர்கள் பத்து பெரிங்கியில் தங்கலாம். ஆனால் நகரத்துக்கு வந்துபோகும் சாலை வளைந்து வளைந்து போவது, மாலையில் நெரிசலும் சேரும்.

மரபுக் கடைவீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பல கடைவீடுகளில் மரப்படி செங்குத்தாக ஏறும். பெரியவர்கள் இருந்தால் தரைத்தள அறை கேளுங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் நான்கு விடுதி அறைகளைவிட சமையலறையோடு கூடிய ஒரு வாடகை வீடு மலிவாக முடியும். காலையில் கோப்பி போட்டுக்கொள்ளலாம், மருந்துக்கு வெந்நீர் வைத்துக்கொள்ளலாம். கார் நிறுத்த இடம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய நகரத்தில் அதுதான் பெரிய தலைவலி.

முதல் நாள்: வந்து சேர்வது

பயண நாளில் எந்தப் பெரிய இடத்தையும் வைக்காதீர்கள். குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, மாலையில் லிட்டில் இந்தியா. மார்க்கெட் ஸ்திரீட், குயின் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் மூன்றும் சந்திக்கும் பகுதி அது. பூக்கட்டும் கடை, சேலைக்கடை, மிளகாயும் மல்லியும் மூட்டையாய்த் திறந்து வைத்த மளிகைக்கடை. பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. பணம் மாற்றும் கடைகளை இன்றும் அங்கே பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தெம்பு மிச்சமிருந்தால் பாடாங் கோத்தா கடற்கரையில் கொஞ்சம் காற்று வாங்கலாம்.

இரண்டாம் நாள்: பழைய நகரம்

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவை ஆங்கிலேயக் கம்பெனிக்காகக் கைப்பற்றினார். அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் தமிழர்கள் இங்கே கட்டி எழுப்பியவை ஒரு கிலோமீட்டர் நடைக்குள் நிற்கின்றன. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

நடையைக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொடங்குங்கள். 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் தோற்றுவித்தது. எல்லா மதத்தவரும் தொழுகை நேரம் தவிர்த்து உள்ளே போகலாம். வெள்ளி நண்பகலை விட்டுவிடுங்கள். பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா கொண்டு போனால் வசதி. அங்கிருந்து சூலியா ஸ்திரீட் பக்கம் திரும்பினால் கிங் ஸ்திரீட் முனையில் நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் எழுப்பியது. சிறிய கட்டடம்தான். கடலைக் கடந்து வந்தவர்கள் தங்கள் ஊரின் காவலரைக் கையோடு அழைத்து வந்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்றால் உணரலாம்.

அடுத்தது குயின் ஸ்திரீட்டில் அருள்மிகு மகா மாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. தெருவில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள், பிறகு உள்ளே போங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் படகோட்டிகளும் கும்பிட்ட தெய்வம் இது. காலைப் பூசை நேரத்தில் போனால் பெரியவர்களுக்கு நிறைவாக இருக்கும்.

நடையை ஃபார்குவார் ஸ்திரீட்டில் முடியுங்கள். 1818இல் கட்டி முடித்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும், அதன் அருகே பழைய பினாங்கு ஃபிரீ ஸ்கூல் கட்டடமும் அங்கே உண்டு. அந்தப் பள்ளி 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கியது. அதில் நடந்த தமிழ் வகுப்புதான் மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 2016இல் நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகள் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தக் கட்டடத்தின் முன் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். பின்னாளில் அருங்காட்சியகமான கட்டடம் அது. உள்ளே போக முடியுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் சீனர்களின் மரத்துறை வீடுகள் இருக்கும் சியூ ஜெட்டி, ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரோவியங்கள், கூ கோங்சி மண்டபம். ஓவியர் எர்னஸ்ட் ஜக்கரேவிக் 2012இல் வரைந்த சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் படத்தின் முன்னே வரிசை நிற்கும், பொறுமை வேண்டும். மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சியூ ஜெட்டியின் மரத்துறை வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: தண்ணீர்மலை

இந்த ஒரு நாளுக்காகவே பல பெரியவர்கள் வருகிறார்கள். ஆகவே இதைப் பயணத்தின் தொடக்கத்தில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே வையுங்கள்.

மலைமேல் இருக்கும் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். இப்போதுள்ள பெரிய கோயிலுக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. காலை ஆறரை மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலோடு படியில் நிற்க முடியாது. அடிவாரத்திலேயே பிள்ளையார் கோயில் இருக்கிறது. அவரைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்குங்கள்.

ஏறும் முறை முக்கியம். வயதானவர்கள் கைப்பிடி உள்ள ஓரமாகவே ஏறட்டும். ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கட்டும். அவர்களுக்கு முன்னே ஒருவர், ஒரு படி பின்னே ஒருவர் வரட்டும். கையில் தண்ணீர், துண்டு, சர்க்கரை நோய் இருந்தால் இரண்டு மிட்டாய். இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும். ஆகவே இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தி ஏற்றாதீர்கள். "பாட்டி, நீங்க பிள்ளையார்கிட்ட இருங்க, நாங்க மேல போய் திருநீறு கொண்டாந்துர்றோம்" என்று ஒரு பேரன் சொன்னால் போதும். அடிவாரச் சாலையிலேயே, 1857இல் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. படி ஏற முடியாதவர்கள் அங்கே முருகனை நிறைவாகத் தரிசிக்கலாம். செட்டிநாட்டுப் பாணியில் அமைந்த மரத்தூண்களையும் கூடத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

பசியாறியபின் பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா, 1884இல் தொடங்கியது. நாகலிங்க மரங்கள் பூத்திருக்கும். குரங்குகள் அதிகம், பிள்ளைகள் கையில் தின்பண்டம் வேண்டாம். ரேப்பிட் பினாங்கு 10ஆம் எண் பேருந்து நகரத்திலிருந்து இந்தப் பக்கம் வரும். மாலை முழுக்க ஓய்வு.

நான்காம் நாள்: கொடிமலையும் கெக் லோக் சியும்

இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம். 204ஆம் எண் பேருந்து கொடிமலை அடிவாரம் வரை போகும். காலையில் முதலில் மலை. 1923 முதல் ஓடிவரும் மலை இரயில் இது. 2011இல் புதிய வண்டிகள் வந்தன. மைகார்டு காட்டினால் மலேசியர்களுக்கு வெளிநாட்டவரைவிடக் கட்டணம் மிகக் குறைவு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் வரிசை நீளும், ஆகவே இந்த நாளை வார நாளில் வையுங்கள். பராமரிப்புக்காகச் சில நாட்கள் இரயில் ஓடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே காற்று குளிரும், தாத்தாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன.

கெக் லோக் சி புத்தர் கோயிலின் ஏழு அடுக்குக் கோபுரம் 1930இல் முடிந்தது. 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலைக்குச் சரிவு மின்தூக்கி உண்டு, பெரியவர்கள் படி ஏற வேண்டியதில்லை. மலையிலேயே களைத்துவிட்டால் இதை மாலைக்குத் தள்ளுங்கள்.

ஐந்தாம் நாள்: ஒன்றும் இல்லை

இந்த நாளைக் காலியாக விடுங்கள். துணி துவைக்க, தூங்க, மழையால் தவறிய இடத்துக்குப் போக. திட்டத்தில் காலி நாள் இல்லாத குடும்பம் நான்காம் நாள் இரவு சண்டை போடும். இளையவர்கள் தனியாக ஊர் சுற்றட்டும். பெரியவர்கள் கோயிலில் உட்காரட்டும். மாலையில் குர்னி டிரைவில் எல்லாரும் கூடிக்கொள்ளலாம்.

ஆறாம் நாள்: வடக்கும் மேற்கும்

கார் இருந்தால் வடகரையில் தொடங்கி மேற்காக ஒரு சுற்று. பத்து பெரிங்கி கடற்கரை, அடுத்து தெலுக் பஹாங்கில் வாசனைத் திரவியத் தோட்டம், பட்டாம்பூச்சிப் பண்ணை. நடக்க வல்லவர்கள் பினாங்கு தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் வரை ஒன்றரை மணி நேரம் நடந்து, படகில் திரும்பலாம். ஆமைக் காப்பகம் அங்கே உண்டு. பினாங்குக் கடலில் சொறிமீன் வரும் காலம் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள்.

தெலுக் பஹாங்கிலிருந்து மலைச்சாலை பாலிக் பூலாவுக்கு இறங்கும். டுரியான், சாதிக்காய், வயல்வெளி. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு நகரத்தைவிட இந்தப் பக்கம்தான் பிடிக்கும். சாதிக்காய்ச் சாறு ஒரு குவளை குடித்துவிட்டு, ஊறுகாயும் தைலமும் வாங்கிக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்கள் 101ஆம் எண் பேருந்தில் தெலுக் பஹாங் வரை போய்த் திரும்பினால் போதும்.

ஏழாம் நாள்: திரும்புவது

காலையில் சொவ்ராஸ்தா சந்தையில் பண்டம் வாங்கிவிட்டு, மதியத்துக்குள் கிளம்புங்கள். மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் இரவு பத்துக்குள் பாரோய் வீட்டில் படுத்திருக்க வேண்டும்.

சாப்பாடு

நாசி கண்டார், பசெம்பூர், ஆயர் ஈத்தாம் லக்சா, செண்டோல் நான்கையும் விட்டுவிடாதீர்கள். நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்று வளர்த்த சாப்பாடு. சைவர்களும் விரதம் இருப்பவர்களும் கவனிக்க வேண்டியது: லக்சாவின் சாறு மீனில் செய்தது, காய்கறிப் பிரட்டலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். மாட்டிறைச்சி தொடாதவர்கள் ஒரே கரண்டியால் பல குழம்பு ஊற்றும் கடையில் முன்பே சொல்லிவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சைவக் கடைகள் இருப்பதால் கவலையில்லை. மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்தால் வரிசையில் நிற்க வேண்டாம்.

செலவுக் கணக்கு

ஐந்து தலைப்பு போதும்: பயணம், தங்குமிடம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கைவசம். கைவசத்துக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மருந்து, மழை, கிராப் எல்லாம் அதிலிருந்துதான். பல குடும்பங்கள் சேர்ந்து போனால் ஒருவர் கணக்கு எழுதட்டும், தினம் இரவு எல்லாருக்கும் வாசித்துக் காட்டட்டும். பணத்தால் உறவு கசக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பழைய நகரத்துக்குள் இலவச கேட் பேருந்து சுற்றுகிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். கோயில், பள்ளிவாசல், கடற்கரை, சுவரோவியம் பெரும்பாலும் இலவசம். மலை இரயிலும் தனியார் தோட்டங்களும்தான் அதிகம் செலவு வைக்கும்.

கையோடு கொண்டு போக

பத்து நாளுக்கு மருந்து, மருந்துச் சீட்டின் படம், எல்லாருடைய மைகார்டு, குடை, கழற்ற எளிதான செருப்பு, கோயிலுக்கு ஒரு வேட்டியும் சேலையும், பெரியவர்களுக்கு ஊன்றுகோல். வீட்டுச் சாவியையும் துளசிச் செடியையும் அடுத்த வீட்டாரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்த தீவு மத்தியதரைக் கடலில்

பினாங்கில் ஒரு வாரத்தை ஒழுங்காக நடத்திய குடும்பம் மத்தியதரைக் கடலுக்கும் போகலாம். கணக்கு ஒன்றேதான். மால்டா நாடு முழுவதும் 316 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட பினாங்குத் தீவின் அளவு. தலைநகர் வலெட்டா பக்கம் தங்கி, பேருந்திலேயே ஏழு நாளில் முழுதும் பார்க்கலாம். நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், கார் எடுப்பவர்களுக்கு அது ஆறுதல். கிரீட் தீவு 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், சிசிலி 25,000க்கும் மேல். அங்கே ஒரு வாரத்தில் முழுத் தீவையும் பார்க்க ஆசைப்பட்டால் கார் ஜன்னல்தான் மிஞ்சும். சிசிலிக்குப் போனால் எட்னா எரிமலையும் சிராகூசாவும் இருக்கும் கிழக்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலும் கூட்டமும் கடுமை. ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பர், அக்டோபரும் இதமானவை. மதியத்தில் அங்கும் பல கடைகளை மூடி ஓய்வெடுப்பார்கள், நம் விதிக்கு அது பொருந்தும். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் இத்தாலி, கிரீஸ், மால்டா மூன்றுக்கும் சுற்றுலாவாக 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். நுழைவு விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்குமுன் சரிபாருங்கள். விமானச் செலவு பெரிது என்பதால் இரண்டு, மூன்று ஆண்டு சேமிப்பு வேண்டும்.

மால்டா பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும். அவர்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தபின் போய்க்கொள்ளலாம். 513 படி ஏறும் முழங்கால் அப்படிக் காத்திருக்காது. வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ தண்ணீர்மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், இந்த ஆண்டு நாட்காட்டியை எடுத்து ஒரு வாரத்தை இன்றே குறித்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.